பாளயத்துக்குப் புறம்பே: ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ குறித்த ஓர் இறையியல் திறனாய்வு

நம் சபைகளில் பாடப்பெறும் கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் இறையியல் நோக்கில் ஆராய்வது இத்தகைய ஏடுகளுக்குப் புதிதன்று. ஆயின் இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது வழிபாட்டுக்கென இயற்றப்படாத ஒரு பாடல். 2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பொங்கலை ஒட்டிக் காணொளி வடிவில் வெளிவந்த ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ அது. சொற்களை இயற்றியவர் கபேர் வாசுகி. இசை வகுத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி. எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் ஆக்கிரமிப்பாலும் தூர்ந்துவருவதே அதன் பொருள். கடலையும் காட்டையும் காக்க வேண்டுமென்று இந்நாட்களில் எழும் குரல்கள் பல. அவற்றுள் இதனை மட்டும் திறனாய்வுக்குரியதாக நாம் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. படைப்பைப் பேணுதல் என்னும் பொருள்பற்றி நம் பிரசங்க பீடங்களில் ஆண்டுதோறும் பேசப்படுவது எத்துணை மெலிந்த பேச்சு என்பதை இப்பாடல் வெளிப்படுத்திவிட்டது. பாடலிலும் ஓர் இடத்தில் மெலிவு உண்டு. அதனையும் மறைக்காது சொல்வோம்.

முதலில் அச்சொல்லையே நோக்குவோம். புறம்போக்கு என்பது வருவாய்த் துறையின் வழக்கு. தீர்வை விதிக்கப்பெற்ற நிலங்களின் கணக்குக்குப் புறம்பே போனது எதுவோ அது புறம்போக்கு. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு எனக் கிராமக் கணக்குகளில் அது பலவகைப்படும். தனி ஒருவர்க்கும் அதில் பட்டா இல்லை. ஆதலினாலேயே ஊரார் அனைவர்க்கும் அதில் பங்கு உண்டு. மழைநீர் வந்து தங்குவதும், மாடு மேய்வதும், வலை உலர்வதும், இறந்தோர் அடங்குவதும் அங்கேதான். நம் நாட்டுப்புறச் சபைகள் எத்தனையோ நத்தம் புறம்போக்கில் ஒரு கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியவை என்பதை நம் ஆயர்கள் அறிவர். இத்தகைய சொல் வசைமொழியானது எங்ஙனம்? தீர்வை தராத நிலத்தைப் பயனற்ற நிலமென்று கணக்குப் பார்த்த அதே கண், வேலையில்லாதவனையும் வீடில்லாதவனையும் அப்பெயராலேயே அழைக்கக் கற்றுக்கொண்டது. பாடல் இவ்வசையை எதிர்த்து வாதிடவில்லை. சொல்லை அப்படியே ஏற்று, அது உனக்கும் எனக்கும் தனியுடைமை அன்று, ஊருக்கும் பூமிக்கும் உரியது என்று அதன் பழம்பொருளை மீட்டுக்கொடுக்கிறது. பின்னர் அதனைக் காக்கும் பொறுப்பைக் கேட்போர் தலைமேல் வைக்கிறது.

இசையமைப்பைப் பற்றியும் கூற வேண்டும். ஆனந்தபைரவி, பேகடை, தேவகாந்தாரி, சிந்துபைரவி முதலான இராகங்களில் மாலையாகத் தொடுக்கப்பட்ட பாடல் இது. சொற்களோ வடசென்னையிலும் தென்சென்னைக் குப்பங்களிலும் வழங்கும் பேச்சுத் தமிழ். மயிலாப்பூர்ச் சபாக்களில் தெலுங்கும் வடமொழியும் செந்தமிழும் ஒலிக்கக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஆனந்தபைரவியின் குழைவோடு ‘பொறம்போக்கு’ என்னும் சொல் வந்து விழுவது அதிர்ச்சி தருவதாகும். அவ்வதிர்ச்சியே பாடலின் முதல் வெற்றி என்போம். வசைமொழியைக் கமகத்தோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய காலம் கொடுத்துப் பாடும்போது, கேட்பவர் அச்சொல்லை முதன்முறையாகக் கேட்பதுபோல் கேட்கிறார். நாட்டார் மெட்டில் இதே சொற்கள் அமைந்திருப்பின், கச்சேரி இரசிகர் ‘இது அவர்கள் பாட்டு’ என்று கடந்துபோயிருப்பர். எண்ணூரில் உள்ளவர்க்கு எண்ணூரின் நிலையைப் பாடிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. கேட்க வேண்டியவர்கள் லஸ் முனையிலும் பாண்டி பஜாரிலும் அடையாற்றிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழகிய இசையிலேயே அது பாடப்பட்டது.

ஈண்டு நம் மரபைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர்தல் தகும். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என அறியப்பட்டவர், கர்நாடக இசையமைப்புக்கு எதிராக நாட்டார் இசையைத் தெரிந்துகொண்டார். கர்நாடக இசை சாதி மேன்மையின் மணத்தோடு வருவது என்பதும், ஒடுக்கப்பட்டோரின் மொழியிலும் தாளத்திலும் வழிபாடு அமையாதவரை விடுதலை இறையியல் வெறும் வகுப்பறைப் பேச்சு என்பதும் அவர்தம் உறுதியான கொள்கை. அவர் இப்பாடலைக் கேட்டிருந்தால், ‘மீண்டும் அதே இசைதானா?’ என்று கேட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. அவ்வினா நியாயமானது. ஆயினும் அப்பாவு பாடியது புறத்தே இருந்த மக்களோடு. இப்பாடல் பாடப்படுவது அகத்தே இருப்பவர்களை நோக்கி. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் கூடாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி இயற்றியபோது, அரங்கின் நடுவே குறத்தியைக் கொண்டுவந்து நிறுத்தித்தான் நற்செய்தியைச் சொன்னார். அரங்குக்குள் புறத்தாரை அழைத்துவருதல் தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கும் அறியப்படாத வழியன்று.

இனி, பாடல் யாரை நோக்கிப் பாடப்பட்டதோ அந்தத் தென்சென்னையின் சூழல் அக்கறையைப் பார்ப்போம். அங்கே அக்கறைக்குக் குறைவில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஞாயிறு காலையில் கையுறை அணிந்து குப்பை பொறுக்கும் இளைஞர் கூட்டங்களைக் காணலாம். அவற்றுள் நம் வாலிபர் ஐக்கிய சங்கங்களும் உண்டு. கிண்டியில் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு இன்று ஏறத்தாழ 2.7 சதுரக் கிலோமீட்டர் அளவில் எஞ்சி நிற்கிறது. ஆளுநர் மாளிகையும் தொழில்நுட்பக் கழகமும் நினைவு மண்டபங்களும் அக்காட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை போக மிஞ்சியது அது. அதன் மான்களுக்காகப் பரிந்து பேசுவோர்க்கும் நகரில் பஞ்சமில்லை. இவை அனைத்தினும் மேலாக நாம் மதிப்பது கடலாமைப் பணியை. 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு இணையம், ஜனவரி முதல் பங்குனி கழியும்வரை இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடந்து, பங்குனி ஆமைகள் இட்ட முட்டைகளைப் பத்திரமாய்க் கூட்டில் சேர்த்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறது. விளம்பரப் பலகையும் மேடையும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மாணவர் கைமாற்றிச் செய்துவரும் உழைப்பு அது.

ஆனால் அந்த ஆமைகள் ஏன் சாகின்றன? 2025ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரைக்கு மிக அருகே இழுவலை போடும் விசைப்படகுகளில் சிக்கி, மூச்சுவிட நீருக்கு மேலே வர இயலாமல் அவை மடிகின்றன என்பதே ஆராய்ந்தோர் கூற்று. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையோரக் கடலைக் கட்டுமரத்துக்கும் சிறு படகுக்கும் ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கப்பால் நிறுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஏழை மீனவன் வலையில் மீன் விழ வேண்டும் என்பதற்காக வரையப்பட்ட கோடு அது. அந்தக் கோடு மதிக்கப்பட்டிருந்தால் ஆமையும் பிழைத்திருக்கும். ஊரூர்க் குப்பத்து நாட்டுப்படகும் பங்குனி ஆமையும் ஒரே பகைவனால் நசுக்கப்படுகின்றன. இதனைத் தெரிந்துகொள்ளாமல் கடலை விரும்புகிறவர், மீனவரை ஆமைக்கு எதிரியாக எண்ணிவிடுவது எளிது. நம் நகரில் அப்படி எண்ணியவர்கள் உண்டு.

கடற்கரையை அழகுபடுத்துதல் என்ற பெயரால் நிகழ்ந்தவற்றையும் இங்கே மறத்தலாகாது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் மெரினாவை அழகுபடுத்தவென்று மீனவரின் கட்டுமரங்களும் வலைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. மீனவர் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஏறத்தாழ 2010இல் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம்வரை கடற்கரையோரமாக மேம்பாலச் சாலை அமைக்கத் திட்டம் எழுந்தபோது, அதை முன்னின்று எதிர்த்தவர்கள் குப்பத்து மக்களே. சாலை வராதிருந்ததனால் பெசன்ட் நகர் மணலும் ஆமையின் முட்டையிடும் இடமும் தப்பின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து வளைவுச் சாலையில் மீன் விற்கும் பெண்களின் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறெனக் கூறி அகற்றப்பட்டபோது, அவர்கள் மீனைச் சாலையிலேயே கொட்டிப் போராடினர். அது முதலில் அவர்கள் வலை உலர்த்திய மணல். சாலை பின்னால் வந்தது. 2024இல் அங்கே புதிய மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. அது நன்மையா என்பதை அங்கே விற்கும் பெண்கள்தாம் சொல்ல வேண்டும்.

எலியட்ஸ் கடற்கரைக்குச் சென்ற வாசகர்கள் மணலில் நிற்கும் வெண்ணிற ஷ்மிட் நினைவு மண்டபத்தைக் கண்டிருப்பார்கள். 1930இல் நீரில் மூழ்கியவர்களைக் காக்கப் போய்த் தம் உயிரை ஈந்த டென்மார்க்கு நாட்டவர் ஒருவரின் நினைவாக எழுப்பப்பட்டது. தகுந்த நினைவுதான். ஆனால் அலையில் சிக்கியவர்களை ஆண்டுதோறும் இழுத்துக் கரைசேர்க்கும் குப்பத்து இளைஞருக்கு ஒரு கல்லும் இல்லை என்பதைக் கவனித்தவர் எத்தனை பேரோ!

இந்தப் பின்னணியில்தான் 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவையும் வைத்துப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகரை ஒட்டிய அம்மீனவக் குப்பத்திலேயே மேடை அமைத்து, கர்நாடக இசையும் பரதமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்தப்பட்டன. கிருஷ்ணாவும் சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் கூடிச் செய்த முயற்சி அது. பின்னர் சென்னைக் கலைத்தெரு விழா எனப் பெயர் மாறியது. கலையைக் கொண்டுபோய் ஏழையை உய்விக்கும் முயற்சி என்று சிலர் அதனைக் குறை கூறினர். நாமோ அதில் வேறொன்றைக் காண்கிறோம். அரை மைல் தொலைவில் வாழ்ந்தும் குப்பத்துக்குள் கால் வைத்திராத தென்சென்னைவாசிகள் அந்நாளில் அத்தெருவில் மண்ணில் அமர நேர்ந்தது. நம் சபை மக்களும் சிலர் அங்கே இருந்தனர். தம் சபை எல்லைக்குள் அப்படியொரு தெரு இருப்பதை அவர்கள் அன்றுதான் கண்டனர்.

இனித் திருமறைக்கு வருவோம். சூழல் குறித்து நம் சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறை, சுற்றுச்சூழல் ஞாயிறன்று, வாசிக்கப்படுபவை பெரும்பாலும் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களும் நூற்று நான்காம் சங்கீதமுமே. 1967இல் லின் ஒயிட் என்னும் வரலாற்றாசிரியர், பூமியை ஆண்டுகொள்ளும்படி மனிதனுக்குக் கூறப்பட்டதையே மேற்கத்தியக் கிறிஸ்தவம் இயற்கையைச் சூறையாட உரிமைச் சீட்டாகக் கொண்டது என்று குற்றஞ்சாட்டிய நாள்முதல், இறையியலார் அதற்கு மறுமொழி கூறுவதிலேயே பெரும்பொழுது செலவிட்டனர். ஆதியாகமம் 2:15இல் வரும் எபிரெய வினைச்சொற்களுள் ஒன்று உழைப்பையும் ஊழியத்தையும் குறிக்கும், மற்றொன்று காத்தலைக் குறிக்கும் என்று நாமும் வகுப்புதோறும் சொல்லி வருகிறோம். அது சரியான விளக்கமே. ஆனால் அது ஏதேனைப் பற்றிய விளக்கம். ஏதேனில் பட்டாவும் இல்லை, புறம்போக்கும் இல்லை. ஒருவர் குப்பையை மற்றொருவர் வாசலில் கொட்டும் நிலையும் இல்லை. எண்ணூரைப் புரிந்துகொள்ள நாம் செல்ல வேண்டியது பாளயம் இருக்கும் இடத்துக்கு.

லேவியராகமம் ஆறாம் அதிகாரம் பதினோராம் வசனத்தை நம்மில் எவரேனும் பிரசங்கித்ததுண்டா? பலிபீடத்தின் சாம்பலை ஆசாரியன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறும் சட்டம் அது. உடையை மாற்றிக்கொண்டு, சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே, சுத்தமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதன் கருத்து. நாம் வியப்போடு கவனிக்க வேண்டுவது, அவ்வெளியிடம் சுத்தமானது என்று சட்டம் கொள்வதை. வெளியே இருப்பதனால் அது குப்பைமேடாகிவிடவில்லை. சாம்பல் கடவுளின் பலிபீடத்திலிருந்து வந்ததே ஆயினும் கண்ட இடத்தில் கொட்டப்படக் கூடாது. இதனை எண்ணூரோடு வைத்துப் பார்ப்போம். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், பின்னர் வந்த வள்ளூர் நிலையம் ஆகியவை சென்னைக்கு மின்சாரம் தந்தன. எரிந்த நிலக்கரியின் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டுக் குழாய்களில் குட்டைகளுக்குச் சென்றது. குழாய்கள் கசிந்த இடமெல்லாம் கொசத்தலையாற்றின் கழிமுகம் சாம்பலால் தூர்ந்தது. இறாலும் நண்டும் மடவையும் கையால் தடவிப் பிடித்த இடத்தில் இன்று கால் புதைகிறது. நம் கோயில்களின் மின்விசிறி சுழன்றதும் அந்த மின்சாரத்தால்தான். பாளயத்துக்குள் வெளிச்சம், புறம்பே சாம்பல்.

லேவியராகமம் 25:34 மற்றொரு சட்டத்தைத் தருகிறது. லேவியரின் பட்டணங்களைச் சூழ்ந்த வெளிநிலம் விற்கப்படலாகாது. அது தலைமுறைதோறும் அவர்களுக்கு உரியது. எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் அவ்வெளிநிலத்தைத் திசைக்கு இரண்டாயிரம் முழம் என்று அளந்தே கொடுக்கிறது. பட்டணத்துக்குள் இருக்கும் வீட்டை விற்கலாம், மீட்கலாம். சுற்றியுள்ள மேய்ச்சல் வெளியை மட்டும் விற்கக் கூடாது. நம் மொழியில் அதற்கு ஒரு பெயர் வேண்டுமானால் மேய்க்கால் புறம்போக்கு என்றே சொல்ல வேண்டும். பாடலாசிரியர் இவ்வசனத்தை எண்ணி எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் கண்ட உண்மை திருமறைக்கு அந்நியமன்று என்று மட்டுமே சொல்கிறோம்.

எனினும் நம்மை உலுக்குவது எபிரெயர் 13ஆம் அதிகாரம். பாவநிவாரண பலியின் உடல்கள் பாளயத்துக்கு வெளியே சுட்டெரிக்கப்பட்டதைச் சுட்டி, இயேசுவும் நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்றும், நாமும் அவர் நிந்தையைச் சுமந்து அங்கே புறப்பட்டுப் போவோம் என்றும் அந்நிருபம் அழைக்கிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே கையாளும் சொல் ‘புறம்பே’. இதை எத்தனையோ முறை வாசித்த நாம், அச்சொல்லையும் புறம்போக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. கல்வாரி வாசலுக்கு வெளியே கிடந்த இடம். ஆரிமத்தியா யோசேப்பு தம் சொந்தக் கல்லறையை ஈந்திராவிடில் நம் ஆண்டவர் சடலத்துக்கும் ஒரு பட்டா நிலம் இல்லை. வசைமொழி, நிந்தை, புறம்பு என்னும் மூன்றும் ஒரே வசனத்தில் கூடி நிற்கின்றன. இதைத் தெருவில் வழங்கும் தமிழில் மொழிபெயர்த்தால் கிறிஸ்துவுக்கு என்ன பெயர் வரும் என்பதைச் சொல்ல நா கூசும். ஆனால் அந்தக் கூச்சத்தைத்தான் நிருப ஆசிரியர் சுமக்கச் சொல்கிறார்.

தீர்க்கதரிசிகளுள் ஓசியா, நாலாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பொய்யும் களவும் கொலையும் பெருகியதனால் தேசம் புலம்புகிறது, கடலின் மீன்களும் வாரிக்கொள்ளப்படும் என்கிறார். மீன் மடிவதற்குப் பொய்யோடு என்ன தொடர்பு என்று நாம் முன்னர்க் கேட்டிருக்கலாம். எண்ணூரில் கழிமுகத்தின் ஒரு பெரும்பகுதியே இல்லாததுபோல் காட்டும் வரைபடம் ஒன்றை அதிகாரிகள் கையாண்டதாகச் சூழல் செயற்பாட்டாளர்கள் குற்றஞ்சாட்டியபோது ஓசியாவின் வரிசை நமக்குத் தெளிவாயிற்று. நீர் ஓடும் இடத்தை முதலில் தாளில் இல்லாமற்போகச் செய்கிறார்கள், பின்னர் நிலத்தில். பாடல் வெளியாகி இரண்டு வாரம் கழித்து, 2017 ஜனவரி 28 அன்று, காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, அதனை அள்ளியவை வாளிகளும் மனிதக் கைகளுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் படகோடு இறங்கி அள்ளியவர் மீனவரே.

இனிப் பாடலின் மெலிவு. அதன் இறுதிப் பகுதி வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்னும் சொற்களை வெறும் சாக்குகள் என்று ஒதுக்கிவிடுகிறது. வகுப்பில் இப்பாடலை நாம் மாணவர்க்குப் போட்டுக் காட்டியபோது, வடசென்னையிலிருந்து வந்த ஒரு மாணவர் எழுந்து, ‘ஐயா, அந்தச் சாக்குலதான் எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சுது’ என்றார். அவர் தகப்பனார் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சாம்பல் அவர் நெஞ்சிலும் படிந்திருந்தது. சம்பளமும் அங்கிருந்தே வந்தது. வகுப்பு சற்று நேரம் பேசாதிருந்தது. பாடல் இவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேலையைக் காட்டி ஆலை கட்டுகிறவர் வாயில் அது சாக்கு என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்குப் போகிறவர் வாயில் அது சாக்கு அன்று. மயிலாப்பூரில் இருந்துகொண்டு இவ்வேறுபாட்டை விட்டுவிடுவது எளிது. எண்ணூரில் ஊழியம் செய்யும் ஆயர் அதை விட்டுவிட முடியாது. அவர் சபையில் ஒரே வரிசையில் வலைக்காரரும் ஆலைத் தொழிலாளியும் அமர்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் வேறொரு பாடலோடு ஒப்பிடுதல் பயன் தரும். 2015இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் பாடிய கொடைக்கானல் ராப் பாடல், கர்நாடக இசையின் நளினம் ஏதுமற்றது. மெட்டுகூட அயல்நாட்டுப் பாடலொன்றினுடையது. ஆனால் அதற்கு ஒரு பிரதிவாதி உண்டு, ஒரு கோரிக்கை உண்டு. 2001இல் மூடப்பட்ட இந்துஸ்தான் யூனிலீவர் வெப்பமானி ஆலையின் பாதரசம் பாம்பார்ச் சோலைக் காட்டை ஒட்டி நஞ்சாய்க் கிடப்பதை அது சொன்னது. அதோடு அந்த ஆலையில் வேலை செய்து நலிவுற்ற தொழிலாளிகளையும் முன்னிறுத்தியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அது பாட்டினால் மட்டும் வந்ததன்று. பதினைந்து ஆண்டுக்காலம் தொழிலாளர் நடத்திய போராட்டத்தின் பயன். ஆயினும் காட்டைக் காப்பதும் தொழிலாளியைக் காப்பதும் ஒரே மூச்சில் பாடப்படக்கூடும் என்பதற்கு அது சான்று. கலைநயத்தில் பொறம்போக்குப் பாடல் மேலானது. தொழிலாளியை விட்டுவிடாமையில் கொடைக்கானல் பாடல் மேலானது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பாடலில் ஒலிப்பது ஒரே குரல். அது கழிமுகத்தில் வாழ்பவரின் குரல் அன்று. கிருஷ்ணா 2015இல் டிசம்பர் இசைவிழாவில் பாடுவதில்லை என்று அறிவித்து விலகியவர். 2024இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். அகத்தேயும் புறத்தேயும் நடமாடும் உரிமை அவருக்கு உண்டு. அவர் அதை நல்லதற்கே பயன்படுத்துகிறார். ஆனால் அந்த உரிமை இல்லாதவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊரூர்க் குப்பத்து மீனவர் ஒருவர் தம் கடற்கரையில் எது வலை உலர்த்தும் இடம், எது படகேற்றும் இடம், எது ஊர்ப் பொதுவெளி என்று தாமே வரைபடமாக்கி அதிகாரிகள்முன் வைத்திருக்கிறார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரும், நீரோட்டத்தின் பெயரும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதும் அக்குப்பத்து முதியோர் வாயில் இன்றும் இருக்கிறது. கடலைக் காக்க விரும்பும் நம் வாலிபர் சங்கங்கள் அவர்களிடம் ஒரு மாலை அமர்ந்து கேட்டதாக நாம் அறியோம்.

ஜூன் திங்களில் வரும் சுற்றுச்சூழல் ஞாயிறுக்கு வழிபாட்டு முறை வகுக்கும் ஆயர்களுக்கு இதனையொட்டிச் சில வேண்டுகோள்கள். நூற்று நான்காம் சங்கீதம் இருக்கட்டும். அதனோடு லேவியராகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து அச்சாம்பல் சட்டத்தையும், நிருப வாசகமாக எபிரெயர் 13ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். பாவ அறிக்கையில் மரம் வெட்டியதைக் குறித்து மட்டும் மனஸ்தாபப்படாமல், எந்த ஊரின் சாம்பலால் நமக்கு விளக்கெரிகிறது என்பதை ஊர்ப் பெயரோடு சொல்லலாம். வடசென்னைச் சபை ஒன்றிலிருந்து ஆலைத் தொழிலாளி ஒருவரையும் மீனவர் ஒருவரையும் அழைத்துப் பேசச் செய்யலாம்; அவர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டால் முரண்படட்டும். அன்று மாலை அடையாறு, மயிலாப்பூர்ச் சபையார் வழக்கம்போல் கடற்கரைக்குச் சென்று குப்பை பொறுக்குவதானால், முன்னதாகக் குப்பத்துப் பஞ்சாயத்தாரைக் கண்டு, எந்த இடத்தில் வலை காய்கிறது, எந்தப் பக்கம் கூட்டம் சேரலாகாது என்று கேட்டுக்கொண்டு செல்வது முறையாகும். அந்த மணலில் இறங்க அவர்களுடைய இசைவு நமக்கு வேண்டும்.